சாஃப்ட்வேர் இன்ஜினியருக்கு சீல் எதுக்கு?

கேள்வி: டாக்டருக்கு லைசென்ஸ், வக்கீலுக்கு லைசென்ஸ், ஆட்டோ ஓட்டவே பேட்ஜ் கேக்குறாங்க. சாஃப்ட்வேர்காரங்களுக்கு மட்டும் ஏன் இல்ல? அமெரிக்காவுல இதுக்குன்னு பரீட்சை இருக்குன்னு என் பையன் சொல்றானே, நெசமா சார்?
- வாசகி, கரூர்

பதில்: இருந்துச்சும்மா, இப்ப இல்ல. 1998-லயே டெக்ஸாஸ்காரங்க சாஃப்ட்வேரையும் லைசென்ஸ் குடுக்குற இன்ஜினியரிங்ல சேத்துட்டாங்க, பரீட்சை வர 2013 ஆச்சு, 2019 ஏப்ரலோட கடையக் கட்டிட்டாங்க. மொத்தமா எழுதுனவங்க 81 பேரு! நம்ம ஊர்ல டிஎன்பிஎஸ்சிக்கு ஒரு ஸ்கூல் வாசல்ல நிக்கிற கூட்டம்கூட இல்ல.

ஏன்னா அங்க கம்பெனிக்குள்ள சம்பளத்துக்கு வேலை பாக்குற இன்ஜினியருக்குப் பெரும்பாலும் லைசென்ஸ் கட்டாயம் கெடயாது, பாலம் கட்டடம்னு பிளான் போட்டு சீல் குத்துறவங்களுக்குத்தான் வேணும். சாஃப்ட்வேருக்கு யாரும் சீல் கேக்கல, அப்புறம் எவன் பீஸ் கட்டி எழுதுவான்?

ஆனா உங்க கேள்வியில நியாயம் இருக்கு. டெக்ஸாஸ்ல இன்ஜினியர் லைசென்ஸ் சட்டம் வந்ததே 1937-ல நியூ லண்டன்ங்கற ஊர்ல ஸ்கூல்ல கேஸ் வெடிச்சு கிட்டத்தட்ட 300 பேரு, பாதிக்கும் மேல சின்னப் பசங்க, செத்ததுக்கு அப்புறம்தான். அங்கேருந்து கொஞ்ச தூரத்துல இருக்குற டைலர்ல 1986-ல ஒரு கேன்சர் பேஷன்ட்டுக்கு தெராக்-25ன்னு ஒரு மிஷின்ல கதிர்வீச்சு குடுத்தாங்க. ஆபரேட்டர் அம்மா எலக்ட்ரான் கதிருக்கான 'இ' அடிக்க வேண்டிய எடத்துல எக்ஸ்ரேக்கான 'எக்ஸ்' அடிச்சுட்டு டக்குனு திருத்திட்டாங்க, எட்டு செகண்டுக்குள்ள திருத்துனா அது சாஃப்ட்வேருக்குத் தெரியவே தெரியாது, இது யாருக்கும் தெரியல. ஸ்க்ரீன்ல 'மால்ஃபங்ஷன் 54'னு வந்துச்சு. தெனமும் இப்படி ஏதாவது வர்றதுதானேன்னு அவங்க 'பி' தட்டி வேலையத் தொடர்ந்துட்டாங்க, உள்ள அளவுக்கு மீறுன கதிர்வீச்சு பட்டு அந்த மனுஷன் ஷாக் அடிச்ச மாதிரி துடிச்சிருக்காரு, அன்னிக்குன்னு பாத்து இன்டர்காமும் ரிப்பேரு. அஞ்சு மாசத்துல எறந்துட்டாரு.

புரோகிராம் எழுதுனவர்கிட்ட லைசென்ஸ் இருந்தா இது நின்னிருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்ல. முந்துன மாடல்ல தப்பு நடந்தா தடுக்குற பூட்டு மிஷின்லயே இருந்துச்சு, அதத் தூக்குனது கம்பெனி முடிவு. அதனால நான் கேக்குறது ஆளுக்கு சீல் இல்ல, மிஷினுக்கு செக்கிங்.

கேள்வி: கனடாவுல 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்'னு போட்டுக்கிட்டா கேஸாமே?
- வாசகர், ஓசூர்

பதில்: மாகாணத்துக்கு மாகாணம் வேற. ஆல்பர்ட்டாவுல கோர்ட்டு வரைக்கும் போயி இன்ஜினியர் சங்கம் 2023-ல தோத்துச்சு, அந்த வருஷமே அரசாங்கமும் சட்டத்த மாத்தி அந்தப் பேர விட்டுக்குடுத்துருச்சு. வேற மாகாணத்துக்குப் போறவங்க விசிட்டிங் கார்டு அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ விசாரிச்சுக்கோங்க.