நமக்கு எங்க டீச்சர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை. தவளையின் இதயத்துக்கு மூன்று அறை என்றால் எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். இவள் மட்டும், "அப்ப நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துருமே டீச்சர், அது எப்படி உசுரோட இருக்கு?" என்று கேட்டாள். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறார். "டாக்டருக்குப் படியேன்" என்றேன். "அதெல்லாம் நமக்கு எங்க டீச்சர்" என்று சிரித்துவிட்டாள். மேலே பேச எனக்கும் பயம். நீட் தேர்வால் டாக்டர் சீட்டு கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட அரியலூர் அனிதாவை மறக்க முடியவில்லை. கைக்கு எட்டாத ஒன்றைக் காட்டி ஒரு பிள்ளையை உடைத்துவிடுவேனோ? ஆசை காட்டுவது சரிதானா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் "நமக்கு" என்ற சொல்லைத் தாண்டிப் போகவே எனக்கு நேரமாயிற்று. "எனக்கு எங்க" என்று அந்தப் பிள்ளை சொல்லவில்லை. அந்த நமக்குக்குள் அவள் அம்மா இருக்கிறாள். சுளகை மடியில் வைத்துக் குனிந்திருக்கிற அந்தத் தெருவே இருக்கிறது. அவளுக்குத் தன் படிப்பின்மேல் சந்தேகமில்லை. தன் ஆட்களில் ஒருத்தரைக்கூட அந்த இடத்தில் அவள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். "உன்னால் முடியும்" என்று ஆண்டுவிழா மேடையில் எத்தனை பேர் வந்து பேசினாலும் இது தீராது.

என் பெரியம்மை முக்கூடலில் நாற்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறவள். அண்மையில் இருமல் நிற்கவில்லை. முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "மேலுக்கு சொகமில்ல, ஒரே கிறக்கமா வருது" என்று அவள் சொல்ல, டாக்டர் நிமிராமலே மருந்து எழுதினார். பிறகு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர், ஒரு பெண், இருபத்து மூன்று வயது இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "நாளைக்கு எத்தனை சுத்துவிய பெரியம்மா? இலைய வீட்டுக்குள்ள வச்சா வெட்டுதிய? தூள் சாக்கு தலமாட்டுலயா கெடக்கு?" பெரியம்மை திரும்பிப் பார்த்தாள். "ஒனக்கு எப்படித் தாயி தெரியும்?" "எங்க அம்மைக்கும் இதே இருமல்தான்." அதற்கப்புறம் பெரியம்மை வாய் ஓயவில்லை. மூன்று மாதமாக எங்களிடமே சொல்லாத முதுகுவலி, ரத்தப்போக்கு எல்லாம் அந்தப் பெண்ணிடம் கொட்டினாள். அந்த ரத்தப்போக்கும் சோகையும்தான் கிறக்கத்துக்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது.

இந்த மாதிரிப் பிள்ளைகள் மருத்துவம் படிப்பது அந்தக் குடும்பத்துக்கு ஒரு விடிவு என்று மட்டும் நாம் பேசுகிறோம். எனக்கு அது பாதிதான். வியாதிக்காரர் சொல்கிற சொல் புரிகிற டாக்டர் நம் ஜனங்களுக்கு வேண்டும். அந்தப் பிள்ளையிடம் ஆசை காட்டுகிறோமா என்று தயங்காதீர்கள், டீச்சர். அவள் நமக்குத் தேவைப்படுகிறாள்.

அந்த ஹவுஸ் சர்ஜன், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள். நீட் வந்த புதிதில் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் கேட்டது. 2020-ல் சட்டம் 7.5 சதவீதமாக வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. படிப்புக்கும் விடுதிக்குமான கட்டணத்தை அரசு கட்டுகிறது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதும், "டவுன்ல பெரிய ஸ்கூல்ல போடுங்க, கோச்சிங் நல்லாருக்கும்" என்று பெற்றோரிடம் சொல்ல ஆள் இருக்கிறது. நகையை அடகு வைத்து மாற்றுகிறார்கள். அந்த ஒரு மாற்றத்தோடு இந்த ஒதுக்கீடு கையைவிட்டுப் போகிறது. இதை எட்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இதில் எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. பாளையங்கோட்டையைத் தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்கிறோம். இங்கே ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவை பெரும்பாலும் மிஷன் பள்ளிகள், இன்றைய அரசு உதவிபெறும் பள்ளிகள். அங்கே படிக்கிற பீடித் தொழிலாளி மகளுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. ஒரே தெரு, ஒரே சுளகு, பள்ளி வாசல் மட்டும் வேறு. அவர்களையும் சேர்க்கக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அனிதா 1200-க்கு 1176 எடுத்த பிள்ளை. 2017-ல் தமிழ்நாட்டுக்கு நீட்டிலிருந்து விலக்கு வரும், வராது என்று ஆகஸ்ட் மாதம்வரை இழுத்தார்கள். பிள்ளைகள் எந்த மார்க்கை நம்புவது என்றே தெரியாமல் நின்றார்கள். அந்தச் சாவு நம்மேல் இருக்கிற கடன், அதை நான் லேசாகப் பேசமாட்டேன். அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் பிள்ளைக்கு முழு விவரமும் இப்போதே தெரியட்டும். நீட் 720 மார்க். அதில் 360 உயிரியல், 90 கேள்வி. பாதிப் பரீட்சை உங்கள் வகுப்பறையில் இருக்கிறது, டீச்சர்! தமிழிலேயே எழுதலாம். சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழியும். தெரியாததை விட்டுவிடப் பழக்குங்கள். நம் பிள்ளைகள் சறுக்குவது இயற்பியலில். உங்கள் பள்ளி இயற்பியல் சாரை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கிடைக்காமல் அடுத்த வருஷம் எழுதிச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு வருஷம் பிள்ளை வீட்டில் இருந்தால் கல்யாணப் பேச்சு வரும். அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டியது அதைத்தான். சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களைப் பன்னிரண்டாம் வகுப்புக் கோடை வரை போடாமல் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற மற்ற வேலைகளையும் அவளுக்குக் காட்டுங்கள். நர்சிங், மருந்தியல், லேப் படிப்புகளுக்கு இங்கே பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கே போதும். அவற்றை ஆறுதல் பரிசு மாதிரி சொல்லாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு என் பெரியம்மைக்கு டிரிப் மாற்றிவிட்டு, தலையணையையும் சரிசெய்தது ஒரு நர்ஸ்.

அந்த ஹவுஸ் சர்ஜனிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். தவளைக் கேள்வியைக் கேட்டதும், "அந்தப் புள்ளைய நான் பாக்கணும்" என்றாள். வருகிற ஞாயிறு மதியத்துக்கு மேல் அவளுக்கு டியூட்டி இல்லை. பிள்ளையைக் கூட்டி வாருங்கள். அம்மா கட்டாயம் வர வேண்டும். அன்றைய பீடி வேலை கெடும் என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்துக்கொள்வோம். நான் ஐகிரவுண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன்.