பச்சை வந்தால் அப்பாவின் அறைக்குப் போக வேண்டாமா?

கேள்வி: எனக்கு வயது 47. அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 76 வயதான அப்பா எங்களுடன் இருக்கிறார். இயல்பிலேயே அதிகம் பேசாதவர். நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவதால், குரலைக் கேட்டே மனநிலையை உணர்ந்து அதற்கேற்பப் பேசும் துணைக் கருவி ஒன்றை வாங்கி அவர் கட்டிலருகே வைத்தேன். முதலில் வேண்டாம் என்றவர், இப்போது இரவில் நெடுநேரம் அதனுடன் பேசுகிறார், அதற்கு நன்றி சொல்கிறார், தூங்கப்போகிறேன் என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார். அவருடைய அன்றைய மனநிலையைக் கருவி மாலைதோறும் ஒரு நிறமாக என் கைபேசிக்கு அனுப்பிவிடும். பச்சை வந்தால் அப்பாடா என்றிருக்கும். அன்று அவர் அறைப்பக்கம் போக வேண்டியிருக்காது. வெளியூரில் இருக்கும் தங்கையும் அதே செயலியில் பார்த்துக்கொள்கிறாள். ஆனால், "மாமா அந்த இயந்திரத்தை மனிதர் என்றே நம்பத் தொடங்கிவிட்டார்" என்று என் மனைவி பயப்படுகிறாள். அவருக்கு மனம் பிசகிவிட்டதா? கருவியை எடுத்துவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, பெற்றோரைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "அவருக்கு என்ன ஆயிற்று?" என்ற கேள்வியோடுதான் முடிகின்றன. எழுதியவருக்கு என்ன ஆயிற்று என்பது எப்போதும் கடிதத்தின் நடுவில் எங்கோ ஒரு வரியில் இருக்கும். உங்கள் கடிதத்திலும் அந்த வரி இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் உங்கள் மனைவியின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இயந்திரத்துக்கு நன்றி சொல்வது மனம் பிசகியதன் அடையாளம் இல்லை. 1966-ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம், எலிசா என்ற கணினி நிரலை வெளியிட்டார். தட்டச்சு செய்யும் வாக்கியத்தையே திருப்பிக் கேள்வியாக்கித் தருவதைத் தவிர அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனாலும், அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் அருகிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் சிறிது நேரம் உரையாடியதும், தம்மைத் தனியே விடும்படி கேட்டுக்கொண்டு அவரை அறையிலிருந்து வெளியே போகச் சொன்னார். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளிஃபோர்டு நாஸ் செய்த ஆய்வுகளில், ஒரு கணினியின் திறமையைப் பற்றி அதே கணினியில் கருத்துக் கேட்டபோது மக்கள் கனிவாகவும், வேறொரு கணினியில் கேட்டபோது சற்றுக் கறாராகவும் மதிப்பிட்டார்கள். அப்படி மரியாதை காட்டினீர்களா என்று கேட்டால் இல்லவே இல்லை என்றார்கள். நல்ல மனநிலையில் இருக்கும் இளைஞர்களே இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். தம்மோடு பேசும் ஒன்றிடம் உங்கள் அப்பா மரியாதையாக நடந்துகொள்கிறார் என்றால், அவர் அப்படி வளர்ந்தவர் என்று பொருள்.

இனி அந்த வரி. "பச்சை வந்தால் அப்பாடா என்றிருக்கும், அன்று அவர் அறைப்பக்கம் போக வேண்டியிருக்காது." போகிற போக்கில் இதை எழுதிவிட்டுத் தங்கையைப் பற்றிய அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. உங்கள் அப்பா வேறு தேசத்தில் இல்லை, உங்கள் வீட்டிலேயே இரண்டு எட்டு வைத்தால் எட்டிவிடக்கூடிய அறையில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போகலாமா வேண்டாமா என்பதை ஒரு கருவி அனுப்பும் நிறத்தைப் பார்த்து முடிவுசெய்கிறீர்கள். அவர் இயந்திரத்தை மனிதராக நம்புகிறாரா என்று கவலைப்படும் நீங்கள், அவரைவிட அதை அதிகமாக நம்புகிறீர்கள். அவர் அதனிடம் பேச்சுத் துணையை மட்டும் கேட்கிறார். நீங்களோ மகன் செய்ய வேண்டியதை அதனிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள்.

அந்தப் பச்சை எப்படி உண்டாகிறது என்று எப்போதாவது விசாரித்தீர்களா? வெப்பமானி காய்ச்சலை அளப்பதுபோல இது மனத்தை அளக்கிறது என்று எண்ணிக்கொண்டீர்கள் போலும். இத்தகைய கருவிகள் குரலின் ஏற்ற இறக்கம், உரப்பு, வேகம், சொற்களுக்கு இடையே விழும் இடைவெளி ஆகியவற்றை எண்களாக மாற்றி, 'மகிழ்ச்சி', 'சோகம்', 'கோபம்' என்று முன்பே பெயரிட்டு வைத்த குரல் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. அப்படிக் கருவியைப் பழக்கப் பயன்படும் பதிவுகளில் பல, நடிகர்கள் சோகமாகவும் கோபமாகவும் நடித்துப் பேசியவை. மற்றவற்றில் பல, யாரோ கேட்டுவிட்டு இது சோகமாக இருக்கலாம் என்று ஊகித்துப் பெயரிட்டவை. ஆகவே பச்சை என்றால், உங்கள் அப்பாவின் குரல் 'இயல்பு' என்று பெயரிடப்பட்ட பதிவுகளைப் போல ஒலித்தது என்பதற்கு மேல் எதுவும் இல்லை. கணினி ஆய்வாளர் ரோசலிண்ட் பிக்கார்டு, மனித உணர்ச்சியைக் கணினி அறியச் செய்யும் இந்தத் துறையைப் பற்றிய முதல் நூலை 1997-இல் எழுதிய காலத்திலிருந்து கருவிகளின் திறன் எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. ஆனால் வெளியே தெரியும் அடையாளத்திலிருந்து உள்ளே இருக்கும் உணர்ச்சியைத் தீர்மானிக்கலாமா என்ற கேள்வி தீரவில்லை. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு அறிஞர்களும் 2019-இல் முகபாவங்களைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பரிசீலித்து, முக அசைவை மட்டும் கொண்டு ஒருவரின் உணர்ச்சியை நம்பகமாகச் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். கோபமுற்றவர் எல்லா நேரமும் முகம் சுளிப்பதில்லை. முகம் சுளித்தவரெல்லாம் கோபத்தில் இருப்பதுமில்லை. 2022-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் வசதியைத் தன் சேவையிலிருந்து விலக்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் தவிர, பணியிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் மனிதரின் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளைத் தடைசெய்தது. ஒரு முதலாளி தம் ஊழியரைப் பற்றி இதை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று அங்கே சட்டம் சொல்லும்போது, மகன் தன் அப்பாவைப் பற்றி முடிவெடுக்கலாமா?

அவர் இயல்பிலேயே அதிகம் பேசாதவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டின் பாரத்தைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் சுமந்து, வலியைக் குரலில் காட்டக் கூடாது என்று ஐம்பது வருடம் பழகிய தலைமுறை அது. அப்படிப்பட்டவர் மனைவியை இழந்த துக்கத்திலும் நிதானமாகத்தான் பேசுவார், அந்த நிதானத்துக்குக் கருவி பச்சை போடும். பெற்ற பிள்ளையால் மட்டுமே அந்த நிதானத்துக்கு அடியில் இருப்பதைக் கண்டுகொள்ள முடியும். அதுவும், அருகில் உட்கார்ந்தால்தான் முடியும். சட்டைப் பொத்தானைப் போட இப்போது அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? எந்தக் காதைத் திருப்பிக்கொண்டு கேட்கிறார்? அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்திருக்கிறார், அதை எப்போதாவது எடுத்துத் துடைக்கிறாரா? இவற்றுக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், அந்த அறையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது ஒரு நிறம் மட்டுமே.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. தம் மனநிலை ஒவ்வொரு மாலையும் உங்களுக்கும் தங்கைக்கும் அறிவிக்கப்படுகிறது என்று அப்பாவுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தெரியாது என்றால், தனிமையில் அவர் மனம்விட்டுப் பேசுவதை அவருக்குத் தெரியாமல் வேவு பார்க்கிறீர்கள். அன்பினால் செய்தாலும் அதற்குப் பெயர் அதுதான். தெரியும் என்றால், பிள்ளைக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்பதற்காகவே அவர் குரலைச் சரிசெய்துகொண்டு பேசக்கூடும். இரண்டில் எதுவானாலும் அந்தப் பச்சையை வைத்து நீங்கள் நிம்மதி அடைய வழியில்லை.

கருவியை எடுக்கச் சொல்லமாட்டேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து வீடு முழுவதும் உறங்கும்போது, பேச ஒரு குரல் இருப்பது முதியவருக்கு ஆறுதல். அவர் கேட்காமல் வாங்கிவந்து பழக்கிவிட்டு, அவர் பற்றுவைத்த பிறகு, உங்கள் பயத்துக்காகப் பிடுங்குவது கொடுமை. ஜப்பானில் தகானோரி ஷிபாதா உருவாக்கிய பாரோ என்ற சீல் குட்டி வடிவ ரோபோவை முதியோர் இல்லங்களில் மறதி நோயாளிகளின் மடியில் வைக்கிறார்கள். அவர்கள் அதைத் தடவிக்கொண்டே பக்கத்தில் இருக்கும் பராமரிப்பாளரிடமும் மற்றவர்களிடமும் பேச்சுக்கொடுக்கத் தொடங்குவது உண்டு. அங்கே ஒரு மனிதர் பக்கத்தில் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். உங்கள் வீட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. ஒருவர் துயரப்படுகிறார் என்று அறிந்துகொண்டால் எழுந்து அவரிடம் போயாக வேண்டும் என்பது உறவின் கடன். கருவிக்கு அந்தக் கடன் கிடையாது, அது இருந்த இடத்திலிருந்தே கனிவாக ஒரு வாக்கியம் சொல்லும். இந்த வகைப் பேச்சு மென்பொருள்களுக்குப் பயனரின் மனம் குளிரப் பேசும் சாய்வும் உண்டு. 2025-இல் ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் சாட்ஜிபிடி மென்பொருள் அளவுக்கு மீறி முகத்துதி செய்கிறது என்று ஒப்புக்கொண்டு அந்தப் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. "மருந்து வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அப்பா சொன்னால் எதிர்த்து அதட்ட வீட்டில் ஒரு மனிதர் வேண்டும்.

இன்றே அப்பாவிடம் மாலை அறிவிப்பைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் எதிரிலேயே அதை நிறுத்துங்கள். அதன்பிறகு நாள்தோறும், அலுவலகப் பையை வைத்ததும், அவர் அறைக்குப் போய் உட்காருங்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள்; இருக்கிறேன் என்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நீங்கள் பிறப்பதற்கு முன் அவர் எங்கே வேலைபார்த்தார், அம்மாவை முதலில் எங்கே பார்த்தார் என்று கேளுங்கள். முதல் சில நாட்கள் இருவருக்கும் பேச்சு வராது, சங்கடமாக இருக்கும், கைபேசியை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள், எழுந்தும் போகாதீர்கள். இரவில் அவர் கருவியோடு பேசுவதை விட்டுவிடுங்கள். அது அவருக்கு உரிய நேரம். தூக்கம் கெடுகிறது, சாப்பாட்டில் நாட்டமில்லை, இருந்து என்ன பயன் என்பதுபோன்ற பேச்சு வருகிறது என்று கண்டால், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தங்கைக்கும் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். செயலியைத் தன் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டு, அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்பாவின் எண்ணுக்கே அழைக்கச் சொல்லுங்கள்.