கெணத்து வெள்ளத்துல பிஎச் நிக்கலியா? புரோப்பைத் தூக்கிப் போடறதுக்கு முன்னால

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்துல சின்னதா ஒரு வாட்டர் டெஸ்டிங் லேப் வச்சிருக்கேன். பிஎச் (தண்ணி எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம்ங்கிற அளவு) பாக்க கண்ணாடி புரோப் வாங்கி எட்டு மாசம் ஆச்சு. பஃபர்ல (பிஎச் இன்னதுன்னு தெரிஞ்ச கரைசல்) 7, 4 ரெண்டும் சரியா வருது, ஆனா கெணத்து வெள்ளத்துல, அதாவது கெணத்துத் தண்ணில, வச்சா 5.4ல தொடங்கி பைய ஏறி 6.1 வரை போவுது, நிக்கவே மாட்டேங்குது. ரிப்போர்ட்ல எந்த நம்பரை எழுத? கழுவிட்டு டிஸ்டில்ட் வாட்டர்லதான் போட்டு வைக்கேன். புதுசு வாங்கணுமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம் தங்கச்சி. உங்க கேள்வியில ரெண்டு விஷயம் கலந்து கெடக்கு, ஒண்ணு நீங்க செய்யுத தப்பு, இன்னொண்ணு உங்க ஊரு வெள்ளத்தோட குணம், ரெண்டும் சேந்து பாவம் அந்த புரோப் மேல பழி விழுது.

மொதல்ல தப்பு. டிஸ்டில்ட் வாட்டர்ல புரோப்பை ஊறப் போடக் கூடாது. கழுவறதுக்கு மட்டும்தான் அது. புரோப்புக்குள்ள இருக்கது பொட்டாசியம் குளோரைடு கரைசல், கீழ பக்கவாட்டுல பொட்டு மாதிரி வெள்ளையா ஒரு செராமிக் இருக்கும் பாருங்க, அதுதான் ஜங்ஷன், அது வழியாதான் உள்ள உள்ள உப்பு துளித்துளியா வெளிய வந்து சர்க்யூட்டை முடிக்குது. உப்பே இல்லாத வெள்ளத்துல ராத்திரி முழுக்க கெடந்தா உள்ள உள்ள உப்பு வெளிய ஓடிரும், அப்புறம் ரீடிங் நிதானத்துக்கு வராது. போட்டு வைக்க வேண்டியது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடுல, அதாவது 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடை கரைச்சு 100 மில்லி ஆக்கிக்கிடணும், அவ்வளவுதான், கேப்புக்குள்ள கொஞ்சம் ஊத்தி மாட்டி வச்சா போதும். கேப்பைச் சுத்தி வெள்ளையா உப்பு பூத்திருந்தா பயப்பட வேண்டாம், கழுவினா போயிரும். இன்னைக்கு ராத்திரி ஊறப் போட்டுட்டு நாளைக்கு காலைல பாருங்க, பாதி பிரச்சனை அதுலயே தீந்தாலும் தீரும்.

அப்புறம் புரோப் உசுரோட இருக்கான்னு பாக்கணும். பஃபர்ல 7, 4ன்னு காட்டுறதை வச்சு திருப்திப்படாதீங்க, கேலிப்ரேஷன் பண்ணின உடனே எந்த மீட்டரும் அப்படித்தான் காட்டும், நீங்கதானே அதுக்கு சொல்லிக் குடுத்தீங்க. மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாத்துங்க. 7 பஃபர்ல பூஜ்யத்துக்கு பக்கத்துல, கூடிப்போனா 30 மேலயோ கீழயோ வரணும். 4 பஃபர்ல வச்சா அதை விட சுமார் 177 கூடணும், இது 25 டிகிரிக்கு, நம்ம ஊரு 30 டிகிரி ரூம்ல சுமார் 180. உதாரணத்துக்கு 25 டிகிரில 7ல மைனஸ் 8, 4ல 162ன்னா வித்தியாசம் 170, ஸ்லோப் (வர வேண்டிய 177ல எவ்வளவு வருதுங்கிறது) கிட்டத்தட்ட 96 சதவீதம், ஜோரா இருக்கு. வித்தியாசம் 160க்கு கீழ போனா, அதாவது 90 சதவீதத்துக்கும் கீழ, கழுவிப் பாத்தும் ஏறலைன்னா அப்போ புதுசு வாங்கலாம். பஃபர்ல நிக்கதுக்கு எவ்வளவு நேரம் எடுக்குதுன்னும் பாருங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள நிக்கணும். திறந்து வச்சு ரெண்டு வாரம் ஆன பஃபரை வச்சு இதெல்லாம் பாக்காதீங்க, அதுலயும் 9.2 பஃபர் காத்துல உள்ள கார்பன் டை ஆக்ஸைடை இழுத்து தானா எறங்கும். ஊத்தின பஃபரை திரும்ப பாட்டில்ல ஊத்துத பழக்கம் இருந்தா அதை இன்னைக்கே விட்டிருங்க.

இப்போ உங்க ஊரு வெள்ளம். ராஜாக்கமங்கலம் மாதிரி கடற்கரையை ஒட்டின உப்பு போர் தண்ணில இதே புரோப்பை வச்சுப் பாருங்க, சட்டுனு நின்னுரும். மேக்கால செம்மண்ணு, பாறை வெட்டாங்கல்லு உள்ள பகுதியில மழைத் தண்ணி எறங்கி வந்த கெணத்துல உப்பு ரொம்ப கொறவு, டிடிஎஸ் (கரைஞ்சு கெடக்க உப்போட அளவு) 50க்கு கீழ காட்டுத வெள்ளம்னா கரண்ட் ஓடவே கஷ்டப்படும், புரோப் தடுமாறத்தான் செய்யும். அதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு கேட்டியளா. மண்ணுக்குள்ள வேரும் கிருமியும் மூச்சு விட்டு வந்த கார்பன் டை ஆக்ஸைடு அந்த வெள்ளத்துல நெறைய கரைஞ்சு கெடக்கும், அதுதான் பிஎச்சை 5.4க்கு இழுத்து வச்சிருக்கு. வெளிய எடுத்து பீக்கர்ல ஊத்தி ஸ்டிர்ரர்ல சுத்தினா சோடா பாட்டிலைத் தொறந்த மாதிரி அந்த வாயு பைய போவும், போகப் போக பிஎச் ஏறும். அப்போ நீங்க பாத்த 6.1 புரோப் சொன்ன பொய் இல்லை, வெள்ளம் மாறிட்டு வந்ததை அது அப்படியே சொல்லிட்டு இருந்திருக்கு!

சந்தேகம்னா இதைப் பண்ணிப் பாருங்க. ஒரே கெணத்துல ரெண்டு பாட்டில் வாய் வரைக்கும் ரொப்பி, காத்து கொஞ்சம் கூட இல்லாம மூடிக் கொண்டு வாங்க. மொத பாட்டில் 5.4ல தொடங்கி ஏறட்டும், ஏறி 6.1 ஆனதுக்கு அப்புறம் புரோப்பைக் கழுவி ரெண்டாவது பாட்டிலைத் தொறந்து அதுல வைங்க. மறுபடியும் 5.4 பக்கத்துலயே தொடங்கினா குத்தம் வெள்ளத்தோட, புரோப் நல்லவன். முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணுன்னு கன்னாபின்னான்னு வந்தா புரோப்பை சந்தேகப்படலாம்.

அதனால எழுத வேண்டியது மொத ரீடிங் பக்கம்தான், ஆனா சாம்பிள் எடுக்கதுலயே பாதி பேரு கெடுத்துருவாங்க. வாளியைத் தொபுக்குன்னு போட்டு இழுத்து, பாட்டில்ல மேல இருந்து சளசளன்னு ஊத்தி, பாதி பாட்டில் காத்தோட கொண்டு வந்தா பிஎச் கெணத்தடியிலயே ஏறிரும். மோட்டார் இருந்தா கொஞ்ச நேரம் ஓட விட்டு, ஹோஸ் நுனியை பாட்டிலோட அடியில வச்சு நிரம்பி வழிய விடுங்க, நிமிஷக் கணக்குல வழியட்டும், அப்புறம் மூடுங்க. முடிஞ்சா மீட்டரைக் கொண்டு போய் கெணத்தடியிலயே பாருங்க, பிஎச்ங்கிறது சாம்பிள் எடுத்த இடத்துலயே, இல்லன்னா 15 நிமிஷத்துக்குள்ள பாக்க வேண்டிய டெஸ்ட். லேப்ல பாக்கையில மெதுவா ஒரு சுத்து சுத்திட்டு ஸ்டிர்ரரை நிறுத்திட்டு ரீடிங் எடுங்க, உப்பு கொறஞ்ச வெள்ளத்துல வேகமா சுத்தினா சுத்துறதே ரீடிங்கை நகட்டும். புரோப்ல உப்பு நிரப்புத ஓட்டை இருந்தா அளக்கும்போது ரப்பர் மூடியைத் தள்ளி திறந்து வைங்க. இதை மறந்துட்டு ரீடிங் ஓடுதேன்னு மண்டையை பிச்சவங்கள்ல நானும் உண்டு.

கேக்காத ஒண்ணும் சொல்லிடுதேன், உங்க பக்கம் ரப்பர் ஷீட் அடிக்க ஷெட் இல்லாத ஊரே இல்லை, அந்த கழிவு வெள்ளத்தையும் இதே புரோப்ல பாப்பீங்க. ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊத்துதாங்க, அதனால அந்த வெள்ளம் புளிப்பா இருக்கும், கூடவே உறையாத பாலும் கொஞ்சம் இருக்கும். புரோப் முனையில பால் பிடிச்சிருக்கும்போது ஆசிட்ல முக்கிட்டா போச்சு, பால் அங்கனேயே உறைஞ்சு கண்ணாடி மேல தோலா உக்காந்துரும். முதல்ல நல்லா தண்ணி விட்டு, அப்புறம் கொஞ்சம் சோப்பு கரைச்ச வெள்ளத்துல வச்சு விரல் நுனியால மெதுவா உருட்டி எடுங்க. அந்த ஷெட் வேலைக்கு பழைய புரோப் ஒண்ணை ஒதுக்கி வைக்கதுதான் என் யோசனை, குடிக்க வெள்ளம் பாக்கத இதுல கலக்க வேண்டாம்.

போர் தண்ணி பாத்துப் பாத்து வெள்ளையா சுண்ணாம்புப் படிவு பிடிச்சா மட்டும் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல 10 நிமிஷம், கழுவிட்டு பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல ஒரு மணி நேரம். ஈரத்தை டிஷ்யூல ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, ஒரு லேப்ல வேட்டி நுனியால அழுத்தித் துடைக்க பையனை நான் பாத்திருக்கேன், முனையில உள்ள கண்ணாடிப் பல்பு மேல ஸ்டாடிக் கரண்ட் ஏறி ரீடிங் கொஞ்ச நேரம் ஆடிட்டே நின்னது.

கடைசியா ரிப்போர்ட். ஐஎஸ் 10500ங்கிற இந்தியத் தர அளவுல குடிநீருக்கு 6.5ல இருந்து 8.5 வரைன்னு இருக்கு, தளர்வு கெடையாது. 5.4ன்னு எழுதினா கெணத்துக்காரர் உங்ககிட்ட சண்டைக்கு வருவாரு, அதுக்காக ஏறி நின்ன 6.1ஐ எழுத வேண்டாம், அதுவும் எல்லைக்கு கீழதானே, என்ன லாபம். எந்த நேரம் எடுத்தது, எப்போ அளந்தது, எத்தனை டிகிரி, மூணையும் ரிப்போர்ட்ல போடுங்க. அப்புறம் பாட்டிலை வாங்கும்போதே ஒரு கேள்வி கேட்டுக்கிடுங்க: கெணத்துல பிளீச்சிங் பவுடர் போட்டு எத்தனை நாள் ஆச்சு? அது காரம், ரெண்டு நாளுக்கு முன்ன போட்டிருந்தா நீங்க அளக்கது கெணத்தை இல்லை, பவுடரை.