போர்வையைச் சப்பும் நாய்: எதை விட்டுவிடலாம், எதை நிறுத்த வேண்டும்?

கேள்வி: எங்கள் லாப்ரடார் ப்ரூனோவுக்கு 14 மாதம். 35 நாள் குட்டியாக இருக்கும்போது வாங்கி வந்தோம். தினமும் ராத்திரி போர்வையின் ஒரு முனையை வாயில் கவ்வி, முன்னங்கால்களால் பிசைந்தபடியே சப்புகிறான், அப்படியே தூங்கியும்விடுகிறான். இரண்டு மாதத்துக்கு முன் நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அதிலிருந்து அழுக்குக் கூடையிலிருந்து என் துணிகளை இழுத்துப் போட்டு அதன்மேல் படுக்கிறான். போன வாரம் ஒரு சாக்ஸை விழுங்கி, மறுநாள் வாந்தியெடுத்தான். சாயங்காலம் ஆனால் வலது முன்னங்காலை நக்கிக்கொண்டே இருக்கிறான். போர்வையில் வேப்பெண்ணெய் தடவினால் பழக்கம் போய்விடும் என்கிறார் மாமியார். எங்கள் அறையில் படுக்க விட்டதால்தான் இவ்வளவும் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்? (வாசகி, கோவை)

பதில்: மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். போர்வையைச் சப்புவதை விட்டுவிடுங்கள். சாக்ஸ் விழுங்குவதற்கு இன்றே வழியை அடைத்துவிடுங்கள். நக்கும் காலைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

முதலில் போர்வை. ப்ரூனோ சப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை கவனியுங்கள். கண் பாதி மூடியிருக்கும், காது தளர்ந்து பின்னால் சாய்ந்திருக்கும். நாக்கைக் குழித்துத் துணிக்கு அடியில் கொடுத்திருப்பான். முன்னங்கால்கள் இடது, வலது என்று மாறி மாறி அழுத்தும். தாய் மடியில் பால் குடிக்கும் குட்டி செய்வது அத்தனையும் இதுதான். காலால் மடியை அழுத்தினால் பால் நன்றாக இறங்கும். பால் நின்ற பிறகும் அந்த அசைவோடு வந்த நிம்மதி மட்டும் சில நாய்களிடம் தங்கிவிடுகிறது.

35 நாளில் தாயைப் பிரித்தது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். குட்டிகள் 3, 4 வாரத்தில் திட உணவைத் தொட ஆரம்பித்தாலும், தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் 8 வாரமாவது இருக்க வேண்டும். நம் நாட்டில் நாய் இனவிருத்திக்கும் விற்பனைக்குமான 2017 விதிகளும் 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. ஆனால் எல்லாப் பழியையும் இதன்மேல் போட முடியாது. 8 வாரம் தாயோடு இருந்த நாய்களும் போர்வையைச் சப்புவதுண்டு. டாபர்மேன் இனத்தில் போர்வையையோ தன் விலாப்பக்கத்தையோ விடாமல் சப்பும் நோய் பரம்பரையாக வருகிறது. 7-வது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பது 2010-ல் கண்டறியப்பட்டது. ஆகவே, உங்கள் வளர்ப்பில் குறை என்று நினைத்து வருந்தாதீர்கள்.

இது வெறும் பழக்கமா, நோயாகிவிட்டதா என்று எப்படிப் பிரிப்பது? என்ன செய்கிறது என்பதைவிட எப்போது செய்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தான், அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன நடந்தது, எத்தனை நிமிடம் சப்பினான், கூப்பிட்டதும் நிறுத்தினானா. கடைசிக் கேள்விக்கு ஒரு சோதனை இருக்கிறது. சப்பிக்கொண்டிருக்கும்போது சாதாரணக் குரலில் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொண்டைக்கடலை அளவு வேகவைத்த கோழித் துண்டை நீட்டுங்கள். தலையைத் தூக்கி வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பப் போர்வைக்குப் போனால் கவலையில்லை. தூங்கும் முன் 5 நிமிடம், 15 நிமிடம் என்று இருந்தால் அது ஒரு தாலாட்டு, அவ்வளவுதான். கூப்பிட்டது காதிலேயே விழாமல், சாப்பாட்டையும் விளையாட்டையும் விட்டுவிட்டுப் பகலிலும் சப்பினால் சிகிச்சை தேவைப்படும். இந்தச் சோதனையை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம். ஓயாமல் இடைஞ்சல் செய்தால் நிம்மதிக்காகச் செய்வதே பதற்றமாக மாறிவிடும்.

காலையில் துணியையும் பாருங்கள். ஈரவட்டம் மட்டும் இருந்தால் சரி. ஓட்டை விழுந்தோ நூல் பிரிந்தோ இருந்தால் அவன் சப்பவில்லை, மென்று தின்கிறான். அந்தத் துணியை அன்றே எடுத்துவிட வேண்டும்.

சப்புவதற்கென்று தனித் துணி கொடுப்பது நல்லது. நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்தித் துணி, வாய்க்குள் முழுதாகப் போக முடியாத அளவில், குறைந்தது 2 அடிக்கு 2 அடி. ஓரத்தை இரண்டாக மடித்துத் தைத்துவிடுங்கள். குஞ்சம், பொத்தான், ஜிப் எதுவும் கூடாது. பின்னிய கம்பளி இழை இழையாகப் பிரியும். டர்க்கி டவலின் வளையங்கள் பல்லில் மாட்டும். ஒரே மாதிரி இரண்டு துணி தைத்து, வாரம் ஒன்றாகத் துவையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் துவைத்துவிட்டால் பழகிய வாசனையே இல்லாமல் போய், அன்று ராத்திரி அவன் சோபா மெத்தையைத் தேடுவான். சோப்பு போக இருமுறை அலசி வெயிலில் காயப்போட்டால் போதும். வாசனைத் திரவமும் டெட்டாலும் வேண்டாம், அவையெல்லாம் அவன் வாய்க்குள்தான் போகும்.

வேப்பெண்ணெய் ஏன் கூடாது? நக்கி வயிற்றுக்குள் போனால் வாந்தி வரலாம் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம், துணியைப் பறித்தாலும் நிம்மதி தேடும் தேவை போகாது. போர்வை கசந்தால் நாய் அடுத்துத் தன் உடம்பையே சப்பவோ நக்கவோ ஆரம்பிக்கலாம். துணி நனைந்தால் துவைத்துக்கொள்ளலாம், தோல் புண்ணானால் மாதக்கணக்கில் இழுக்கும். அதட்டினாலும் இதே கதைதான்; உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போய்ச் செய்வான்.

இனி அழுக்குத் துணி. துவைத்து அலமாரியில் அடுக்கியதை விட்டுவிட்டு, உடுத்திக் கழற்றியதை மட்டும் ஏன் எடுக்கிறான்? அதில் நீங்கள் இருக்கிறீர்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரகரி பெர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் விழித்தபடியே அசையாமல் படுக்கப் பழக்கினார்கள். அவற்றின் சொந்த வாசனை, தெரிந்த மனிதர், தெரியாத மனிதர், தெரிந்த நாய், தெரியாத நாய் என்று ஐந்து வாசனைகளை முகரக் கொடுத்தார்கள். நல்லது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதி, தெரிந்த மனிதரின் வாசனைக்குத்தான் அதிகமாகத் தூண்டப்பட்டது. அந்த மனிதர் அந்த இடத்தில் இல்லாதபோதே இது நடந்தது. 2015-ல் வெளியான ஆய்வு இது. ப்ரூனோ உங்கள்மேல் கோபத்தைக் காட்டவில்லை. நீங்கள் இல்லாத பகலை உங்கள் வாசனையோடு கழிக்கப் பார்க்கிறான்.

அதற்கு நீங்களே வழி செய்து கொடுக்கலாம். ராத்திரி உடுத்திய பழைய பருத்திச் சட்டையைத் துவைக்காமல் ஒரு தலையணை உறைக்குள் வைத்து, வாயைத் தைத்து, அவன் படுக்கையில் போடுங்கள். 4, 5 நாளுக்கு ஒருமுறை சட்டையை மாற்றினால் போதும். அழுக்குக் கூடைக்கு மூடி போட்டுப் பூட்டிய குளியலறையில் வையுங்கள். சாக்ஸ், உள்ளாடை, கைக்குட்டை, குழந்தைத் துணி நான்கும் லாப்ரடார் தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு போகிற அளவு என்பதை வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரச் சாக்ஸ் முழுசாக வந்ததா, பாதி வந்ததா? முழுசாக வரவில்லை என்றால், அவன் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் சொல்லி ஸ்கேன் பார்ப்பது நல்லது. அடுத்த தடவை விழுங்கியதைக் கண்ணால் பார்த்தால், 2 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பெரும்பாலும் ஊசி போட்டே வாந்தியெடுக்க வைத்துவிடுவார்கள். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பே உயிருக்கு ஆபத்தாகலாம். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகுவது, வயிற்றைத் தொட்டால் இறுக்குவது, மலம் போகாமல் முக்குவது ஆகியவை குடல் அடைப்பின் அறிகுறிகள்; விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை உள்ளே மாட்டியிருந்தால் நூல் குடலை அறுத்துவிடும்.

வாயில் சாக்ஸோடு அவனைப் பார்த்தால் கத்திக்கொண்டு துரத்தாதீர்கள். துரத்தினால் பறிகொடுத்துவிடுவோம் என்று அவசரமாக விழுங்குவான். சாக்ஸ் வயிற்றுக்குப் போவது பல வீடுகளில் இப்படித்தான். இரண்டடி தள்ளி 4, 5 தின்பண்டத் துண்டுகளைத் தரையில் சிதற விடுங்கள். அவன் சாக்ஸைப் போட்டுவிட்டுக் கடைசித் துண்டை எடுக்கும்போது நீங்கள் சாக்ஸை எடுங்கள். "விடு" என்ற சொல்லைத் தினமும் 2 நிமிடம் பொம்மைகளை வைத்துப் பழக்குங்கள்: விட்டதும் தின்பண்டம், உடனே பொம்மையும் திரும்ப அவனுக்கே. கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த நாய் விழுங்க அவசரப்படாது.

அடுத்து, நீங்கள் போன பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். பழைய போனில் வீடியோவைப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் 40 நிமிடம் போதும், பிரிவு தாங்காத நாய் பெரும்பாலும் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். சட்டைமேல் படுத்துத் தூங்கினால் நல்லது. எச்சில் குளமாக வடிவது, கதவைப் பிறாண்டுவது, ஊளை, நிற்காத நடை, தின்பண்டத்தைத் தொடாமலே வைத்திருப்பது, இவையெல்லாம் பிரிவுப் பதற்றம். அப்போது சட்டை மட்டும் போதாது.

பழக்குவது இப்படி: சாவியை எடுத்து, கைப்பையை மாட்டி, எங்கும் போகாமல் திரும்ப உட்காருங்கள். அதை அவன் கண்டுகொள்ளாத நிலை வந்ததும் வெளியே போய்க் கதவைச் சாத்தி 10 விநாடியில் திரும்புங்கள். பிறகு 30 விநாடி, 1 நிமிடம், 20 விநாடி, 3 நிமிடம் என்று கூட்டிக் குறைத்துப் போங்கள். ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டே போனால் அடுத்தது இன்னும் நீளம் என்று அவன் கற்றுக்கொள்வான். பதறினால் அவன் தாங்கிய கடைசி நேரத்துக்கு இறங்கிவிடுங்கள். பழகும் வாரங்களில் முழுப் பகலும் தனியாக விடாமல் மாமியாரோ வேறு யாரோ கூட இருந்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

கிளம்பும்போது கொடுக்க நம் வீட்டுத் தயிர் சாதமே போதும். தாளிதம், இஞ்சி, மிளகாய், உப்பு எதுவும் இல்லாமல் 4 ஸ்பூன் குழையப் பிசைந்து, உள்ளே குழியுள்ள ரப்பர் பொம்மையில் அடைத்து, 4 மணி நேரம் உறைய வையுங்கள். நக்கி நக்கித் தின்ன அரை மணி ஆகும். நக்குவதே நாயைச் சாந்தப்படுத்தும். அந்த அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள், லாப்ரடார் சீக்கிரம் பருத்துவிடும். வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் வேண்டாம். காலை 7 மணிக்குள் 30 நிமிட நடையில், கடைசி 10 நிமிடம் அவன் இஷ்டப்படி முகர விடுங்கள்.

கால் நக்குவதை நிம்மதிப் பழக்கம் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. ஒரே காலை நக்கினால் அந்தக் காலில் ஏதோ இருக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். டார்ச் அடித்து விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள்: உண்ணி, நெருஞ்சி முள், பிளந்த நகம், சிவப்பு. மணிக்கட்டை மெதுவாக மடக்கினால் இழுத்துக்கொள்கிறானா? நான்கு காலையும் நக்கினால் ஒவ்வாமை அல்லது பூஞ்சை என்று சந்தேகிக்கலாம். தரை துடைத்த ஈரம் காய்வதற்குள் அதன்மேல் நடப்பதும் ஒரு காரணம். தரையையும் சுவரையும் ஓயாமல் நக்கும் நாய்க்கு வயிற்றைப் பார்க்க வேண்டும். மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட 19 நாய்களைப் பரிசோதித்ததில் 14-க்கு இரைப்பை, குடல் கோளாறு இருந்தது.

நக்கும் இடத்தில் முடி உதிர்ந்து, தோல் தடித்து, ரூபாய் நாணயம் போல மேடானால் தொற்று ஆழமாக இறங்கியிருக்கும். பல வாரம் மருந்து தேவைப்படும். அதற்கு முன்பே காட்டிவிடுங்கள். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் தடவினால் எண்ணெய் ருசிக்கே இன்னும் நக்குவான். வலிக்கிறதோ என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலோ இபுபுரூபனோ கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் நாய்க்கு விஷமாகும்.

பதற்றத்துக்கும் மருந்து உண்டு. மருத்துவர் ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றதை எழுதினால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். இரண்டாம் வாரத்தில் கேட்கவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம்.

உங்கள் கணவர் சொன்னது பற்றி: அறையில் படுப்பதால் எந்தப் பழக்கமும் வருவதில்லை. பயந்த நாயை அணைத்தால் பயம் வளரும் என்பதும் சரியல்ல. தீபாவளி வெடிக்கு மிரண்டு வந்தால் தாராளமாக மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். அவன் படுக்கையைச் சுவரோரம், ஆள் நடக்காத மூலையில் போடுங்கள். முழங்கை அழுந்தாத அளவு தடிமன் வேண்டும். வெறும் தரையிலேயே படுக்கும் கனமான நாய்க்கு முழங்கையில் காய்ப்பு விழுந்து, சில நேரம் நீர் கோத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் படுக்கையை விட்டு டைல்ஸ் தரைக்குப் போனால் குளிர்ச்சியைத் தேடுகிறான், அவ்வளவுதான்.

வெளியூர் போகும்போது அவனை எங்காவது விட நேர்ந்தால், சப்பும் துணி ஒன்றையும் உங்கள் சட்டை வைத்த உறையையும் சேர்த்தே அனுப்புங்கள். பளிச்சென்று துவைத்து அனுப்பாதீர்கள். பார்த்துக்கொள்பவரிடமும் துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.