லாஸ் வேகஸின் பழைய கதை: அசல் ஆவணங்களை எங்கே தேடுவது?

கேள்வி: 1905 முதல் 1950 வரையிலான லாஸ் வேகஸைக் களமாக வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் எங்கே போனாலும் பக்சி சீகல் என்ற குற்றக் கும்பல்காரரின் கதைதான் வருகிறது. அந்தக் காலத்து அசல் ஆவணங்களை வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு, நிறையவே இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் தேட உட்காரும் முன், நீங்கள் எழுதும் இடம் அந்த வருடம் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று பார்த்துவிடுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ரயில்வே கம்பெனி 1905 மே 15, 16 தேதிகளில் மனைகளை ஏலம் விட, அதில் பிறந்த ஊர் இது. ஊர் இன்று இருக்கும் கிளார்க் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்றே ஒன்று அப்போது கிடையாது. லிங்கன் கவுண்டியிலிருந்து அது பிரிந்தது 1909 ஜூலையில். அதற்கு முந்தைய கிரயப் பத்திரங்களுக்கு லிங்கன் கவுண்டியின் தலைநகரான பியோச்சில்தான் விசாரிக்க வேண்டும். இன்னொரு சிக்கல், பெரிய கேசினோக்கள் வரிசைகட்டி நிற்கும் ‘ஸ்ட்ரிப்’ நகர எல்லைக்குள்ளேயே இல்லை. 1941 ஏப்ரலில் திறந்த எல் ராஞ்சோ வேகஸ், 1946 டிசம்பரில் திறந்த ஃபிளமிங்கோ இரண்டுமே எல்லைக்கு வெளியே எழுந்தவை. அவற்றின் லைசென்ஸ் விவகாரத்துக்கு நகர மன்றக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பயனில்லை, கவுண்டி ஆணையர்களின் கூட்டக் குறிப்புகளைக் கேளுங்கள். நகருக்குள் இருக்கும் ஃபிரிமான்ட் தெருவின் சூதாட்ட கிளப்புகள் என்றால் நகர மன்றக் குறிப்பேடு உதவும்.

நிலமும் தண்ணீரும் ரயில்வேயின் கையில் இருந்ததால் ஊரின் தொடக்க வரலாறு ரயில்வே கோப்புகளில்தான் கிடக்கிறது. அவற்றில் பெரும்பங்கு லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் லீட் நூலகச் சிறப்புத் தொகுப்பில் இருக்கிறது. படங்கள், வரைபடங்கள் பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். மற்றவற்றுக்குத் தொகுப்புப் பட்டியலைப் படித்து, பெட்டி எண், கோப்பு எண்ணோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘பழைய வேகஸ் பற்றி ஏதாவது’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மனைப் பத்திரங்களில் ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள்: 16, 17-ஆம் பிளாக்குகள் தவிர வேறெங்கும் மது விற்கக் கூடாது. 16-ஆம் பிளாக் பிற்காலத்தில் சிவப்பு விளக்குப் பகுதியாக மாறிய கதைக்கு வேர் அங்கே இருக்கிறது.

அன்றாட வாழ்க்கைக்கு ‘லாஸ் வேகஸ் ஏஜ்’ பத்திரிகையை விட்டால் வேறு கதியில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘கிரானிக்ளிங் அமெரிக்கா’வில் பழைய இதழ்கள் இலவசம். தேடல் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும். தேதி வாரியாகப் புரட்டுவதுதான் சரி. 1908 முதல் அதை நடத்திய சார்லஸ் ஸ்குவைர்ஸ் ஊரின் முதல் ஹோட்டல், வங்கி முயற்சிகளிலும் பங்கெடுத்தவர். ‘ஊர் அமோகமாக வளர்கிறது’ என்ற செய்திகளை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்து வெளியாகும் என்பதால் 1950 வரை முழுவதும் திறந்திருக்கின்றன. எனக்குப் பிடித்தது 1940 தாள். ஒவ்வொருவரும் 1935 ஏப்ரல் 1 அன்று எங்கே குடியிருந்தார் என்று ஒரு கட்டம் உண்டு. பிழைக்க வந்தவர்களால் நிரம்பிய ஊருக்கு இதைவிட நல்ல ஆவணம் ஏது? ஒரு தெருவைப் பிடித்து வரிசையாகப் படித்தால் பாத்திரங்கள் தாமாகவே கிடைப்பார்கள். 1930 தாளில் சூதாட்டத் தொழிலை வெளிப்படையாகத் தேடாதீர்கள். நெவாடாவில் 1910 அக்டோபரில் வந்த தடை 1931 மார்ச் 19 அன்றுதான் நீங்கியது. உங்கள் நாயகன் 1925-இல் லைசென்ஸ் பெற்ற மேசையில் ரூலெட் ஆடினால் அந்த அத்தியாயத்தைத் திருத்திவிடுங்கள்.

அப்புறம் சீகல். அவர் மீதான எஃப்.பி.ஐ. கோப்பு அந்த அமைப்பின் ‘வால்ட்’ தளத்தில் இருக்கிறது. அதில் வதந்தியும் உளவாளி சொன்னதும் கலந்துகிடக்கும். ஃபிளமிங்கோவைத் தொடங்கியவர் அவர் அல்ல, பில்லி வில்கர்சன் என்ற பத்திரிகை அதிபர். கும்பல்களின் பணம் பற்றிய சாட்சியங்களுக்கு குற்றக் கும்பல்களைப் பற்றி 1950-51-இல் நடந்த கெஃபாவர் செனட் குழு விசாரணையின் அச்சிட்ட தொகுதிகளுக்குப் போங்கள். அந்தக் குழு 1950 நவம்பரில் லாஸ் வேகஸிலேயே உட்கார்ந்து விசாரித்தது.