மூன்றாம் நாளே நின்றுபோன சூரிய நமஸ்காரம்

கேள்வி: எனக்கு 46 வயது. கணினி முன் உட்கார்ந்தே செய்யும் வேலை. காணொளி பார்த்து வீட்டில் சூரிய நமஸ்காரம் 12 சுற்று செய்யத் தொடங்கினேன். மூன்றாம் நாள் இடுப்பும் மணிக்கட்டும் பிடித்துக்கொண்டன, விட்டுவிட்டேன். மாலையில்தான் நேரம் கிடைக்கிறது. திருமந்திரக் கணக்குப்படி மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறாள் தோழி. எப்படித் தொடங்குவது?

பதில்: பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. பின்தொடைத் தசை, உட்காரும்போது நாற்காலியில் அழுந்தும் இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகிறது. வருடக்கணக்காக உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அது இறுகிப்போயிருக்கும். காலை விறைப்பாக நீட்டிக் குனிந்தால் அந்தத் தசை இடுப்பெலும்பை முன்னால் சாயவிடாது. வளைய வேண்டியதெல்லாம் கீழ்முதுகின் தலையில் விழும். ஒரு சுற்றில் இரண்டு முறை குனிகிறோம். 12 சுற்றுக்கு 24 முறை! பழக்கமில்லாத மணிக்கட்டும் அத்தனை சுற்றிலும் உடம்பின் பாரத்தைத் தாங்கியிருக்கிறது.

இடுப்பு வலி காலுக்குள் இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, முதலில் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தமோ கண் நீர் அழுத்த நோயோ இருந்தால் தலைகீழ் ஆசனங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

1989-இல் சென்னையில் மறைந்த யோக குரு கிருஷ்ணமாச்சாரியாரின் வழிவந்த ஆசிரியர்கள் வலியுறுத்துவது இரண்டு: ஆசனம் ஆளுக்கேற்ப மாற வேண்டும், அசைவு மூச்சோடு போக வேண்டும். வீட்டில் தனியாகச் செய்பவருக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. கையைத் தூக்கும்போது, மார்பு விரியும்போது மூச்சை இழுங்கள்; குனியும்போது விடுங்கள். மூக்கு வழியாகத்தான். மூச்சு திணறினாலோ தானாக நின்றாலோ உங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நிறுத்தி, சற்றுப் பின்வாங்குங்கள்.

தினமும் 15 நிமிடம் போதும். வெறுங்காலோடு தரையில் நின்று, மூச்சிழுத்தபடி இரண்டு கைகளையும் மேலே தூக்கி, விட்டபடி இறக்குங்கள், ஆறு முறை. பிறகு முழங்காலை நன்றாக மடக்கி, வயிறு தொடையைத் தொடும்படி குனிந்து நிமிருங்கள், நான்கு முறை. விரல் தரையைத் தொடாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. அடுத்து ஜமுக்காளத்தை விரித்து மல்லாந்து படுங்கள் (வழவழப்பான டைல்ஸ் தரையில் அது நழுவும், அதன்மேல் நின்று செய்ய வேண்டாம்). முழங்கால்களைக் கையால் பிடித்து, மூச்சை விடும்போது மார்பை நோக்கி இழுங்கள், ஆறு முறை. பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சிழுத்தபடி இடுப்பை மெல்ல உயர்த்தி, விட்டபடி இறக்குங்கள். இதுவும் ஆறு முறை. அதன்பின் மறுபடியும் முழங்கால்களை மார்புக்குக் கொண்டுவாருங்கள். பின்புறம் வளைத்த முதுகை ஆற்றிக்கொடுக்கும் மாற்று அசைவு இது, விட்டுவிடாதீர்கள். கடைசி மூன்று நிமிடம் சவாசனம்: மல்லாந்தபடியே கைகால்களைத் தளரவிட்டு அசையாமல் கிடப்பது. பலரும் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. செய்ததை உடம்பு வாங்கிக்கொள்ளும் நேரம் அது.

தசையின் நடுப்பகுதியில் தோன்றி, விட்டதும் அடங்கும் இழுப்பு நல்லது. மூட்டில் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு அந்த அசைவு வேண்டாம்.

மூச்சுக்கு வருகிறேன். திருமந்திரத்தில் திருமூலர் சொல்வது இழுக்க 16, நிறுத்த 64, விட 32 மாத்திரை (கண்ணிமைக்கும் நேர அளவு). குருவின் அருகில் இருந்து நெடுங்காலம் பழகியவர்களுக்கான அளவு அது. தோழியின் அக்கறை புரிகிறது, ஆனாலும் இப்போது வேண்டாம். சவாசனம் முடிந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். அடக்கிவைக்க வேண்டாம். பத்து மூச்சு போதும்.

பிரம்ம முகூர்த்தத்தில்தான் செய்ய வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். விடியற்காலையைவிட மாலையில் உடம்பு இளகியிருக்கும். இறுக்கமுள்ள உங்களுக்கு அதுவே வசதி. மதியச் சாப்பாடு முடிந்து நான்கு மணி நேரம் ஆகியிருக்கட்டும். வீடு திரும்பியதும் காபிக்கு முன்னால் செய்துவிடுங்கள். டிபன் சாப்பிட்டுவிட்டால் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும், பிறகு அன்றைக்கு நடக்காது.

ஆறு வாரம் இப்படியே போகட்டும். வலி இல்லாமலிருந்தால் சூரிய நமஸ்காரத்துக்குத் திரும்பலாம்: முழங்காலை மடக்கியே குனிந்து, கைகளில் பாரம் விழும் நிலைகளில் முழங்காலைத் தரையில் ஊன்றி, இரண்டே சுற்று.