ஜோர்டான் பயணத்தில் நேபோ மலைக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

தாராளமாக ஒதுக்குங்கள். ஆனால் மலைமுகட்டில் படம் எடுத்துக்கொண்டு உடனே வண்டி ஏறிவிடாதீர்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் திரும்பினார்கள். எனக்கு இன்னும் அது வருத்தம்தான்.

இஸ்ரவேல் மக்களை நடத்தி வந்த மோசே, கடவுள் அவர்களுக்குத் தருவதாக வாக்களித்த நாட்டைச் சாகும் முன் பார்த்ததாக பைபிளில் உபாகமம் 34-ஆம் அதிகாரம் சொல்லும் மலை இது. கீழே சாக்கடல், எதிரே எரிகோ, வானம் தெளிவாக இருந்தால் எருசலேம். நாங்கள் போன அன்று ஒரே புழுதி மூட்டம். சரி என்று மலைமேல் இருக்கும் மோசே நினைவு ஆலயத்துக்குள் போனேன், இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்ற பெண் யாத்ரீகர் இங்கே கழுதை மேல் வந்து, செங்குத்தான பகுதியை நடந்தே ஏறினார். அவர் பார்த்தது ஒரு சிறிய ஆலயம்தான். பெரிதாகக் கட்டியதெல்லாம் பிறகு.

உள்ளே வடக்குப் பக்கம் இருக்கும் தரைதான் முக்கியம். மொசைக் என்றதும் நம் வீடுகளின் வழவழப்பான தரையை நினைக்க வேண்டாம். இது விரல் நுனி அளவுக் கற்களைக் கோத்து இழைத்த ஓவியம். மேல் வரிசையில் சிங்கத்தோடு போராடும் மேய்ப்பன், பக்கத்தில் மரத்தில் கட்டிய மாடு. நம் ஊர் மாடுகளைப் போல அந்த மாட்டுக்குத் திமில் இருக்கிறது! ஊரை விட்டு அவ்வளவு தூரத்தில் அதைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. கீழே வேட்டைக்காரர்கள், மர நிழலில் ஆடு மேய்ப்பவன், கடைசி வரிசையில் தீக்கோழி, வரிக்குதிரை, அப்புறம் உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஓர் ஒட்டகம். அது ஒட்டகச்சிவிங்கியாம். கிரேக்கத்திலும் அதன் பெயர் ஒட்டகமும் சிறுத்தையும் சேர்ந்ததுதான். விலங்கை நேரில் பார்க்காத கலைஞர் பெயரை வைத்தே வரைந்துவிட்டார் என்று தோன்றியது.

இது 531-இல் போட்ட தரை. பிற்பாடு தரைமட்டத்தை உயர்த்தி, இதை மூடி மேலே புதிய மொசைக் போட்டுவிட்டார்கள். 1976-இல் மேல்தரையைப் பெயர்த்தபோதுதான் அடியில் இது கிடைத்தது. அதனால்தான் முகங்களெல்லாம் முழுதாக இருக்கின்றன.

இதன் அருமை புரிய, சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள மாதாபா நகருக்கும் போக வேண்டும். அங்கே புனித ஜார்ஜ் ஆலயத் தரையில், புனித பூமியின் ஆறாம் நூற்றாண்டு மொசைக் வரைபடம் இருக்கிறது. யோர்தான் ஆற்றில் நீந்திவரும் மீன் ஒன்று, சாக்கடலின் உப்புக்கு அஞ்சித் திரும்பும் அழகைத் தேடிப் பாருங்கள். சாக்கடலில் இரண்டு படகுகளும் உண்டு. ஆனால் படகோட்டிகளின் உருவங்களை, பிற்காலத்தில் உருவங்கள் கூடாது என்று கருதியவர்கள் கலைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் கற்கள் மட்டும் தாறுமாறாகக் கிடக்கின்றன. நேபோவின் மேய்ப்பன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து இதைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

காலையில் நேபோவுக்குப் போங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும். மதியத்துக்கு மேல் மாதாபா.